சரிந்து ஓடிய மினி பைக்

பைக் வளைந்தது, தமிழரை அடித்து எரித்த ஆடிக் கலவரத்தில். அதற்கு முதல் அது நேராகத்தான் ஓடியது என்று என் கணவர் சொல்வார். நான் நம்புவதில்லை. வாங்கிய நாளிலிருந்தே அந்தச் சனியனுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை.

அது ஒரு மினி பைக். ஆட்டுக்குட்டியின் உயரம். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய சில்லுகள். கழுத்திலிருந்து பின்சில்லு வரைக்கும் தடித்த ஒற்றைக் குழாய். ஃப்ரேம் என்று சொல்ல அதற்கு இருந்தது அவ்வளவுதான். அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் மகனுக்கு வைத்திருந்தது. ஊருக்குத் திரும்பும்போது, அவருடைய அலுவலகத்தில் படம் கீறும் வேலையில் இருந்த என் கணவரிடம் தள்ளிவிட்டுப் போனார். அப்போதே அது அரதப் பழசு.

"கண்டறியாத பைக். சர்க்கஸில குரங்கு ஓடுறது," என்றேன்.

"அப்ப பின்னால ஏறுமன். சோடிக் குரங்காப் போவம்," என்றார்.

எங்கள் வீட்டுப் பேச்சு இப்படித்தான். அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொல்வேன். அவர் பத்தாவதைச் சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். நாங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்தோம். அவருக்கு அரசாங்க வேலை, எனக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பு. நகரத்துக்குள் ஒரு கடைக்கு மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

கலவரம் கண்டிக்குள் வந்த அன்று, கீழே கடைக் கதவை உடைக்கிற சத்தம் கேட்டதும் பின்படியால் இறங்கி ஓடினோம். பஸ் இல்லை. இருந்தது அந்தக் குரங்கு வண்டி. இரண்டு பேரும் ஏறி மாத்தளை வீதியால் விட்டோம். எங்கே போகிறோம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் கண்டி புகைந்துகொண்டிருந்தது. அக்குறணை தாண்டி அலவத்துகொடவுக்குக் கிட்டப் போகும்போது, எதிரே ஒரு லொறி நிறைய ஆட்கள் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் ஹாண்டிலை ஒடித்தார். பைக் போய் மதகுக் கட்டில் அடித்தது. நாங்கள் புல்லுக்குள் விழுந்து கிடந்தோம். லொறி நிற்காமல் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

எழும்பிப் பார்த்தால் பைக்கின் குழாய் நடுவில் வளைந்திருந்தது. அதை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தோம். றோட்டோரத்தில் ஒரு வெல்டிங் கொட்டில். அதை நடத்தியவர் ஒரு முஸ்லிம் பாஸ். எங்கள் பக்கத்தில் மேசனும் தச்சனும் வெல்டிங்காரரும் எல்லாரும் பாஸ்தான். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்களையும் பைக்கையும் உள்ளே இழுத்துத் தகரக் கதவைச் சாத்தினார். கலவரம் அடங்கும்வரை அவரும் மனைவியும் எங்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்டார்கள். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு நானா. கூடப்பிறந்த அண்ணனுக்கு ஒரு படி மேல்.

புறப்படும்போது நானா சொன்னார்: "தம்பி, பைக்க வெச்சிட்டுப் போங்க. நிமித்தித் தாறன்."

"வேண்டாம் நானா," என்றார் இவர். "இது நேரா ஓடியிருந்தா நாங்கள் உங்கட கொட்டிலுக்கு முன்னால விழுந்திருக்கமாட்டம். வளைவு கிடக்கட்டும்."

"விசர்க் கதை," என்றேன் நான்.

அந்த விசர்க் கதையோடு நாங்கள் வருடக்கணக்காக ஓடினோம். வளைந்த ஃப்ரேம் வண்டியை இடப்பக்கம் இழுக்கும். அதற்கு ஈடாக அவர் வலப்பக்கம் சரிந்திருப்பார். அவர் சரிந்தால் பின்னாலிருக்கிற நானும் சரிய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் றோட்டோரக் கானுக்குள். போகப்போக அவருக்கு அது உடம்பிலேயே ஏறிவிட்டது. கதிரையில் இருந்தாலும் வலத் தோள் இறங்கியிருக்கும். சாப்பிடும்போதும் சரிவு, படுக்கையிலும் வலப்பக்கமே சரிவு. சந்திக் கடைச் சிங்கள முதலாளி அவரை 'அத மாத்தயா' என்பார். கோணல் ஐயா என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் "சரிஞ்ச சேர் வாறார்" என்பார்கள். நாய் வாலை நிமிர்த்தினாலும் இந்த மனிசனை நிமிர்த்தேலாது என்று நான் ஏசாத நாளில்லை.

அதற்குள் அவருக்குத் தெல்தெனியவுக்கு மாற்றம் வந்தது. தெல்தெனிய என்றால் புதிய தெல்தெனிய. பழையது அணைத் தண்ணீருக்குள் கிடக்கிறது, கடைவீதியோடு, பஸ் ஸ்டாண்டோடு. எங்கள் குவாட்டர்ஸுக்குப் பின்னால் பழைய றோட்டு அப்படியே இருந்தது. மானாப் புல்லுக்கும் உண்ணிப் பற்றைக்கும் நடுவால் இறங்கி, ஒரு மைல் கல்லைத் தாண்டி, தண்ணீருக்குள் போய்விடும். தார் பெயரவில்லை. நடுக்கோடுகூட அழியவில்லை. யாரோ வீட்டுக்குப் போகிற மாதிரி அது பாட்டுக்கு இறங்கிப் போகும். பொழுது பட்டால் அந்தப் பக்கம் ஒருவரும் போவதில்லை. தண்ணீருக்குள்ளிருந்து பஸ் ஹோன் கேட்குமாம். சும்மா அளப்பு என்று நான் சிரிப்பேன். சிரித்தேனே தவிர, நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு வடக்கில் சண்டை பெருத்தது. கொழும்பில் குண்டு வெடித்தால் கண்டியில் எங்கள் அடையாள அட்டையைக் கேட்பார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் இருந்தால் போதும். பெரஹராத் திருவிழா நெருங்கினால் கெடுபிடி இரட்டிப்பு. அப்படி ஒரு பெரஹராக் காலத்தில், அலுவலக வேலையாகக் கண்டிக்குப் பஸ்ஸில் போன என் கணவரை பஸ் ஸ்டாண்டில் வைத்து வளைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று பைக் வீட்டில் நின்றது.

"விசாரிச்சிட்டு விடுவினம்," என்றார்கள் எல்லாரும். பொலிஸில் கேட்டால் அங்கே என்பார்கள், அங்கே போனால் இங்கே என்பார்கள். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்களே, எனக்கு இருந்த வாய்க்கு நான் அதையும் தாண்டிப் போயிருப்பேன். கடைசியில் ஒரு தடுப்பு முகாமில் ஒரே ஒரு முறை பார்க்கவிட்டார்கள். கம்பி வலைக்கு அங்கால் நின்றார். மெலிந்திருந்தார். ஆனால் வலத் தோள் இறங்கியிருந்தது, சரிந்துதான் நின்றார். அதைக் கண்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"ஏன் அழுறீர்? பைக்கை மழையில நனைய விட்டிட்டீரோ?" என்று கேட்டார்.

"உங்கட கோதாரி விழுந்த பைக்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறன்," என்றேன். காவலுக்கு நின்றவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கே என்று சொல்லவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கோணல் மனிசன் அதே கோணலோடு, அதே வாயோடு திரும்பி வரவேண்டும். அவரைப் போல ஒருவர் அல்ல. அவர்.

பிள்ளையாரிடம் போனேன். சனம் தேங்காய் நேரும், மோதகம் நேரும். அவருக்கென்ன தேங்காய்ப் பஞ்சமா? என்னிடம் மிச்சமாக இருப்பது எது என்று யோசித்தேன். வாய். "அப்பனே, அவரைக் கொண்டுவந்து விடு. இனி ஒரு நாளும் அவரை ஏசமாட்டன்," என்று நேர்ந்தேன். நேர்ந்துவிட்டு நிமிர்ந்தபோது பிள்ளையார் நம்பாத மாதிரித்தான் இருந்தார்.

நேர்ந்தாயிற்று. சும்மா இருக்க என்னால் முடியுமா? பள்ளிக்கூட விடுமுறை வந்தது. வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் விசர் பிடித்துவிடும். பின்சுவரில் சாத்தியிருந்த பைக்கைப் பார்த்தேன். இதையாவது நிமிர்த்தி வைப்போம், வந்து பார்த்துவிட்டு 'ஆரைக் கேட்டு நிமித்தினீர்' என்று வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கட்டும் என்று நினைத்தேன். அவர் குதிப்பதை நினைக்க எனக்கு ஆசையாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயக் குடியிருப்பில் பிறந்தவள். என் வயதுதான். அவள் புருஷன் மரக்கறி லொறி ஓட்டுகிறவர். பைக்கை அலவத்துகொடவுக்கு ஏற்றிப் போகக் கேட்டேன். அவர் சரி என்றார். அவள்தான் வேலிக்கு வந்தாள்.

"டீச்சர், அண்ணன் இல்லாதப்ப அத எதுக்குத் தொடுறீங்க? ஆளு இல்லாத நேரத்துல அவுங்க சாமான புதுசாக்கி வைக்கக்கூடாதுங்க. எங்க லயத்துல சொல்லுவாங்க."

"வைச்சா என்னவாம்?"

"புதுசாக்கி வச்சா, வேற ஆளு வந்து எடுத்துக்குமாம்."

"எந்த வேற ஆள்? இந்தக் குரங்கு வண்டியை எடுக்கிறதுக்கு எவன் வருவான்?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோவாச் சாக்குகளுக்கு நடுவில் பைக்கைக் கிடத்திக் கட்டும்வரை வேலியிலேயே நின்றாள்.

நானா என்னைக் கண்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்தார். "வாங்க டீச்சர், வாங்க. தம்பிட செய்தி ஏதும் ஈக்கா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். "அல்லாஹ் லேசாக்குவான்," என்றார். பைக்கைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அப்பவே தாங்க எண்டேனே! கம்பி மாதிரி நேராக்கித் தாறன். தம்பி வந்து பாத்தா, இது நம்மட பைக்தானா எண்டு கேக்கணும்."

இயந்திரம், சில்லு, இருக்கை எல்லாவற்றையும் கழற்றினார். குழாய் மட்டும் மிஞ்சியது, தோலுரித்துத் தொங்கவிட்ட ஆடு போல. கழுத்திலிருந்து பின்முனைக்கு ஒரு நூலைப் பிடித்துக் கட்டினார். நூல் ஒரு வழி, குழாய் ஒரு வழி. நடுவில் என் விரல் நாலும் போகிற இடைவெளி. நிலத்தில் புதைத்திருந்த இரண்டு தண்டவாளத் துண்டுகளில் குழாயின் இரண்டு முனையையும் சங்கிலியால் இறுக்கினார். வளைவின் வயிற்றுக்கு லொறி ஜாக்கை வைத்து முட்டுக் கொடுத்தார். பிறகு காஸ் நெருப்பைப் பிடித்தார். பழைய பெயின்ட் கொப்பளித்துக் கருகியது. குழாய் மெல்ல மெல்லச் சிவந்தது. சிவக்கச் சிவக்க ஜாக்கை ஏற்றினார்.

இரும்பு முனகியது. இரும்பு முனகுவது பெரிய காரியமில்லை, எங்கள் வீட்டுக் கேட்டே முனகும். ஆனால் அந்த முனகலுக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் எழும்பியது. குழாய்க்குள்ளிருந்து வந்தது. ஆரம்பத்தில் மூச்சு விடுவது போல இருந்தது. பிறகு நீண்டு உயர்ந்தது. கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதனின் சத்தம்.  நானாவின் மனைவி குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"யாருக்கு என்ன?" என்று கேட்டார். "யாரு சத்தம் போட்ட?"

நானா நெருப்பை எடுத்துவிட்டார். எடுத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒரு விக்கலோடு ஓய்ந்தது. 

"காத்து," என்றார் நானா என்னைப் பார்க்காமல். "குழாய்க்குள்ள ஈக்கிற காத்து சூடாகி, சின்ன ஓட்டையால வெளிய வருது. வேற ஒண்டுமில்ல."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே நானா."

"இல்ல, சும்மா சொன்னன்."

தண்ணீர் ஊற்றி ஆற வைத்தால் வெடிக்கும் என்று தானாக ஆற விட்டார். ஆறிய பிறகு மறுபடி நூல் பிடித்துப் பார்த்தோம். நூலும் குழாயும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. நெருப்புப் பிடித்த இடம் மட்டும் நீலம் பாரித்திருந்தது. நானாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும் சந்தோஷம் வரத்தான் வேண்டும், ஏனோ வரவில்லை.

அடுத்த பெரஹராவுக்கு முதல் அவரை விட்டுவிட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லையாம். அதை முதலிலேயே என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே!

நான் பைப்படியில் வாளி பிடித்துக்கொண்டிருந்தேன். றோட்டால் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் நடந்து வந்தார். ஈர்க்கில் மாதிரி நேர். யாரோ சி.ஐ.டி.காரன் என்று நினைத்தேன். வேலிப் படலைக்கு வந்து நின்றபோதுதான் முகம் தெரிந்தது. வாளி நிரம்பி வழிந்தது.

"வந்திட்டன்," என்றார்.

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவரும் பிடித்தார். ஆனால் என் தலை வழக்கமாகப் போய் இருக்கிற இடத்தில் தோள் இல்லை. அது மேலே இருந்தது, மற்றத் தோளுக்குச் சரிசமனாக. வேலிக்கு அங்கால் பக்கத்து வீட்டுக்காரி நின்றாள். "அண்ணன் நல்லா நிமிர்ந்துட்டாருங்க," என்றாள் மெதுவாக. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வைக்காக அவளோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

வீட்டுக்குள் அவர் கதிரையில் இருந்தார். முதுகு கதிரையில் படவில்லை. இரண்டு கையும் முழங்காலில்.

"சாய்ஞ்சு இருங்கோவன்."

"ஓம்," என்றார். சாயவில்லை.

படுக்கும்போதும் அப்படித்தான். மல்லாந்து, கால் நீட்டி, விடியும்வரை புரளாமல். யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பார். தபால்காரன் கூப்பிட்டாலும் எழுந்து நிற்பார். எதைச் சொன்னாலும் ஓம். சந்திக்குப் போவோமா, ஓம். வேண்டாம், வீட்டிலேயே இருப்போமா, ஓம். என்னோடு பேசும்போது பெரிய அதிகாரியோடு பேசுகிற மாதிரி நீங்கள், உங்களுக்கு என்றார். ஏசித் தட்டி எழுப்பலாம் என்றால் என் வாயைத்தான் நான் பிள்ளையாரிடம் அடகு வைத்துவிட்டேனே! என்ன செய்ய? கறிக்கு உப்புப் போடாமல் சமைக்கத் தொடங்கினேன். உப்புக் குறைந்தால் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற மனிசன் அவர். பேசாமல் சாப்பிட்டார்.

"கறி எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

"உப்பில்லையே!"

"ஓம். உப்பில்லை," என்றார். இன்னும் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டார்.

 முகம் அவருடையது. நெற்றித் தழும்பு அவருடையது. குரலும் அவருடையதுதான். ஆனால் அதற்குள் இருந்து ஓம் சொல்கிறது யார்? வேற ஆளு வந்து எடுத்துக்குமாம் என்ற பேச்சு, அரிசி களையும்போதும் கரும்பலகையில் எழுதும்போதும் எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. படித்த பொம்பிளை, இதையெல்லாம் நம்பலாமா என்று என்னையே ஏசிக்கொண்டேன். என்னை ஏசுவதற்கு நேர்த்திக்கடனில் தடையில்லை.

கடைசியாக பைக்கைக் காட்டினேன். இதற்காவது கோபம் வராதா என்று மூடியிருந்த சாக்கை இழுத்து எடுத்தேன். அவர் கிட்ட வந்து பார்த்தார். குனியவில்லை, முதுகை மடிக்காமல் முழங்காலில் இருந்து பார்த்தார். குழாயைக் கையால் தடவிக்கொண்டே வந்தவர், நீலம் பாரித்த இடத்தில் நிறுத்தினார்.

"இதுக்கு நெருப்புப் பிடிச்சவையோ?"

"ஓம். நானாதான். சூடு காட்டினாத்தானே நிமிரும்."

கையை எடுத்துக்கொண்டார். "எப்ப?"

"சித்திரை லீவுக்குள்ள."

அவர் தலையை ஆட்டினார், தெரிந்த ஒன்றைக் கேட்டது போல.  அந்த நாளில் அங்கே உங்களுக்கும் நெருப்புப் பிடித்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. இன்றுவரைக்கும் நான் அதைக் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து பின்னேரங்களில் பைக்கை எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினார். வண்டி நேராக ஓடியது, அவரும் நேராக இருந்தார். பார்த்தால் இரண்டும் ஒரே கொட்டிலில் ஒரே நாளில் செய்து எடுத்த மாதிரி. எங்கே போகிறீர்கள் என்றால் "சும்மா" என்பார். அணைத் தண்ணீரில் மீன் பிடிக்கிற ஒரு சிங்களக் கிழவர் ஒரு நாள் மீன் கொண்டுவந்தபோது படலையில் தயங்கி நின்றார். "நோனா, மாத்தயா தினமும் பழைய றோட்டால் வருகிறார்," என்று சிங்களத்தில் சொன்னார். "எஞ்சினை நிறுத்துவதில்லை. முன்சில்லு நனையும்வரை போய் நிற்கிறார். நேற்று அச்சுவரைக்கும் போய்விட்டார். நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்." 

அன்று பின்னேரம் அவர் பைக்கை உதைத்தபோது நான் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"நானும் வாறன்."

"ஓம்."

ஏறினேன். பழகின உடம்பு சொன்னால் கேட்குமா? பைக் நகர்ந்ததும் நான் வலப்பக்கம் சரிந்தேன். நிமிர்த்திய பைக் அதற்கு வலப்பக்கமே போகப் பார்த்தது. "நேரா இருங்கோ," என்றார் மரியாதையாக. நேராக இருந்தேன். அவருடைய முதுகு எனக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது. முந்தி சரிந்திருந்த காலத்தில் அவர் தோளுக்கு மேலால் றோட்டைப் பார்ப்பேன். இப்போது எட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பழைய றோட்டில் இறங்கியதும் காற்று நின்றுவிட்டது. மானாப் புல் அசையவில்லை. ஒரு பறவைச் சத்தம் இல்லை. பைக்கின் சத்தம் மட்டும் தண்ணீரில் பட்டுத் திரும்பி வந்தது. எதிரே இன்னொரு மினி பைக் ஏறி வருவது போல இருந்தது. இறக்கத்தில் வேகம் கூடியது.

"கொஞ்சம் மெதுவாப் போங்கோ."

"ஓம்," என்றார். மெதுவாகவில்லை.

"பிரேக்கைப் பிடியுங்கோ. தண்ணி வருது."

"றோட்டுப் போகுதுதானே," என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். போகத்தான் செய்தது. பின்னேர வெயில் சரிவாக விழுந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. தார் றோட்டு அதற்குள் இறங்கி, நடுக்கோட்டோடு, கலங்காமல், தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே கடைகளும் இருக்கும், பஸ் ஸ்டாண்டும் இருக்கும், யாரும் அட்டை கேட்கமாட்டார்கள். ஒரு கணம் எனக்கும் போகலாம் போலத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

பிறகு எனக்குக் கோபம் வந்தது. பயமில்லை, சுத்தமான கோபம். இவ்வளவு காலம் வாசல் வாசலாக அலைந்து, வாயைக் கட்டி, உப்பில்லாமல் சமைத்து, இந்த மனிசனைத் தண்ணீருக்குக் கொடுக்கவா நான் காத்திருந்தேன்?

"கோதாரியில போவார்! உங்களைக் கேட்டு நான் அலையாத அலைச்சல் அலைஞ்சன், இப்ப என்னையும் கொண்டு தாழப் போறியளோ!" என்று அந்த அணையே அதிரக் கத்தினேன். பிள்ளையார் போகட்டும், நேர்த்தி போகட்டும். அவருடைய இடுப்பைப் பிடித்து, என் பாரம் முழுவதையும் போட்டு வலப்பக்கம் சரிந்தேன். அந்தக் காலத்தில் சரிந்ததைவிட இரண்டு மடங்கு சரிந்தேன். பைக் திரும்பியது. மைல் கல்லில் போய் மோதியது. நாங்கள் உண்ணிப் பற்றைக்குள் பறந்து விழுந்தோம்.

பின்சில்லு வானத்தைப் பார்த்துச் சுற்றிச் சுற்றி, இயந்திரம் இருமி நின்றது. என் முழங்கை உரிந்திருந்தது. அவர் குப்புறக் கிடந்தார். அசையவில்லை. ஐயோ, நானே கொன்றுவிட்டேனோ என்று தவழ்ந்து போனேன்.

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். பைக்கைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். ஒரு நீட்டு நேரம் தண்ணீரைப் பார்த்தார், அது அங்கே இருப்பதை இப்போதுதான் காண்பவர் போல. பிறகு என்னைப் பார்த்தார்.

"விசரே உமக்கு?" என்றார். குரல் உடைந்து வந்தது. "ஆர் உம்மைச் சரியச் சொன்னது? கழுத்து முறிஞ்சிருக்கும் ரெண்டு பேருக்கும்! ஆரைக் கேட்டு என்ர பைக்கை நிமித்தினீர்? நிமித்தாதையும் நிமித்தாதையும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? அது போதாதெண்டு, ஒரு மனிசன் வீட்டுக்கு வந்தா உப்பில்லாத கறி! ஒரு நாளெண்டாப் பரவாயில்லை. கிழமைக்கணக்கா! மாட்டுக்குக்கூட உப்பு வைப்பினமே!"

நான் ஓவென்று அழுதேன். அவர் ஏசிக்கொண்டே இருந்தார். ஏச ஏச அவருக்கும் கண்ணீர் ஓடியது. அப்படியே என் பக்கம் சரிந்து, என் தோளில் தலையைப் போட்டார். என் தோள் நோகும்வரை நான் அசையவில்லை.

எல்லாம் ஒரேயடியாகப் பழையபடி ஆகிவிடவில்லை. பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்கும் பழக்கம் கனகாலம் போகவில்லை. மல்லாந்து விறைத்துப் படுக்கிற இரவுகள் இப்போதும் வரும். அந்த இரவுகளில் நான் ஏசுவேன். ஏசினால் புரண்டு படுப்பார். நேர்த்தியை முறித்ததற்குப் பிள்ளையார் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

அன்று பைக்கை நிமிர்த்தி நிறுத்தியபோது பார்த்தோம், நீலம் பாரித்த அதே இடத்தில் குழாய் திரும்ப வளைந்திருந்தது. ஓட்ட முடியவில்லை. மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறினோம். அது இடப்பக்கம் இழுத்தது. அவர் வலப்பக்கம் சரிந்து தள்ளினார். பாதி மேடு ஏறியிருப்போம். பின்னால், கீழே, தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு பஸ் ஹோன் நீளமாகக் கேட்டது. இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

"திரும்பிப் பாராதையும்," என்றார்.

"ஆர் பாத்தது? பைக்கைத் தள்ளுங்கோ," என்றேன்.